உடலில் கோடு விழாத தெளிவான பிளாஸ்டிக் டம்ளர்: வடிவம் முதல் வார்ப்பு வரை

கும்பகோணத்தில் மூன்று தலைமுறையாகப் பித்தளை, எவர்சில்வர் பாத்திரக் கடை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. திருமண மண்டபங்களுக்கும் பழரசக் கடைகளுக்கும், கழுவிக் கழுவிப் பயன்படுத்தக்கூடிய, கண்ணாடியைப் போலத் தெளிவான பிளாஸ்டிக் டம்ளர்களைத் தாமே தயாரிக்க அவர் எண்ணுகிறார். வாங்கிப் பார்த்த மாதிரிகள் பலவற்றில் உடலின் இரு பக்கமும் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு ஓடுகிறது. அந்தக் கோடு ஏன் விழுகிறது, அதை மெருகேற்றி அழிக்க முடியுமா, எந்தப் பிளாஸ்டிக்கை எடுப்பது, டெல்டாவின் ஈரத்திலும் உப்புத் தண்ணீரிலும் இந்தத் தொழில் நடக்குமா என்பவை அவருடைய ஐயங்கள். அம்பத்தூரில் பல ஆண்டுகள் மோல்டு, அதாவது வார்ப்பு அச்சு, வடிவமைத்துவிட்டு இப்போது தஞ்சாவூரில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கோட்டைப் பற்றி. அதை மெருகேற்றி அழிக்க முயல்வது வீண் வேலை. கோடு விழுமா விழாதா என்பது காகிதத்தில் டம்ளரின் வடிவத்தை வரையும்போதே முடிவாகிவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள உங்கள் ஊரிலிருந்து வெகு தொலைவு போக வேண்டியதில்லை. சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைத்து எடுக்கிறார்கள். அச்சு ஒரே துண்டாக இருந்து, ஒரே முறை பயன்பட்டு, உடைக்கப்பட்டுவிடுவதால் விக்கிரகத்தின் மேல் பிரிகோடு, அதாவது அச்சின் பாகங்கள் சேரும் இடத்தில் விழும் கோடு, இருப்பதில்லை. நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்கான வார்ப்பு வேறு வகை. அங்கே மணலை இரண்டு பெட்டிகளில் இறுக்கி, மாதிரியைப் பதித்து எடுத்து, இரு பாதிகளையும் சேர்த்து வைத்து ஊற்றுகிறார்கள். பெட்டிகள் சேரும் இடத்தில் வரப்புப் போல ஒரு கோடு எழும்பும். அதை அரத்தால் ராவி, கடைசல் பிடித்து நீக்குகிறார்கள். பிளாஸ்டிக்கை வார்க்கும் மோல்டு எஃகினால் ஆனது, லட்சக்கணக்கான முறை திறந்து மூட வேண்டியது. அதை உடைக்கவும் முடியாது, ஒவ்வொரு டம்ளரையும் ராவிக்கொண்டிருக்கவும் முடியாது. எனவே, பிரியாமலேயே டம்ளரை வெளியே விடக்கூடிய மோல்டு எது என்பதுதான் இதில் உண்மையான கேள்வி.

விடை எளியது. அடி குறுகி, வாய் அகன்று, இடையில் எங்கும் பிதுக்கமோ இடுக்கோ இல்லாத டம்ளருக்கு வெளிப்பக்க எஃகைக் கிணறு போல ஒரே கட்டியில் குடையலாம். கேவிட்டி என்று தொழிலில் சொல்லப்படுவது இந்தக் கிணறுதான். உட்பக்கத்துக்குரிய கோர் அதற்குள் இறங்கும். இரண்டுக்கும் இடையே உள்ள வெளியில், அழுத்தித் தள்ளப்படும் உருகிய பிளாஸ்டிக் நிரம்பும். ஊசி வார்ப்பு என்பது இந்த முறையைத்தான். மோல்டு திறக்கும்போது டம்ளர் கோரோடு ஒட்டிக்கொண்டு, கிணற்றிலிருந்து வாளி வருவதுபோல நேராக வெளியே வந்துவிடும். பக்கவாட்டில் எதுவும் பிரிவதில்லை. ஆகவே உடலில் கோடும் இல்லை. நீங்கள் பார்த்த மாதிரிகளில் கோடு இருந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அவற்றின் வடிவமாகவே இருக்கும். பிடிமானத்துக்காக நடுவில் ஒரு வளையம், இடுப்பில் ஒரு வளைவு, அடியில் ஒரு விளிம்பு என்று ஏதாவது இருந்தால் கேவிட்டியை இரண்டாகப் பிளந்துதான் டம்ளரை விடுவிக்க முடியும். குறுக்காக ஓடும் எந்த அலங்காரமும் கோட்டை அழைத்து வரும். நெடுக்காக ஓடும் பட்டைகளும் வரிகளும் இழுக்கும் திசையிலேயே இருப்பதால் அவற்றுக்குப் பிளவு தேவையில்லை. வாடிக்கையாளர் அலங்காரம் கேட்டால் நெடுக்கு வரிகளைக் காட்டுங்கள். சின்னக் கீறல்களை மறைக்கவும் அவை உதவும்.

செம்பு போல வயிறு பெருத்து வாய் குறுகிய வடிவம் வேண்டும் என்றால் இந்த முறை நடக்காது. உள்ளே இருக்கும் கோர் வெளியே வர வழியில்லை. அதற்கு ஊதி வார்க்கும் முறை உண்டு. முதலில் சிறிய குழாய் வடிவத் துண்டு ஒன்றை வார்த்து, அதைச் சூடு நிலையில் காற்றால் ஊதிப் பெரிதாக்குவார்கள். குடிநீர் பாட்டில்கள் இப்படித்தான் பிறக்கின்றன. அங்கும் அச்சு இரண்டாகப் பிரிவதால் கோடு முற்றாக மறைவதில்லை. ஆனால் ஊதும் காற்றின் அழுத்தம் ஊசி வார்ப்பின் அழுத்தத்தைவிடப் பன்மடங்கு குறைவு என்பதால் கோடு கைக்குத் தட்டுப்படாத அளவுக்கு மெலிந்துவிடும். காம்புள்ள கோப்பைகளைக் கிண்ணம் தனியாகவும் காம்பு தனியாகவும் வார்த்து ஒட்டுவது வழக்கம். உங்கள் சந்தைக்கு இவை இரண்டும் இப்போது தேவையில்லை.

அளவுகளுக்கு வருவோம். வாயின் வெளிவிட்டம் 74 மில்லிமீட்டர், அடியின் விட்டம் 56, உயரம் 110, சுவரின் கனம் 2, அடியின் கனம் 3 என்று ஒரு டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பு வரை ஊற்றினால் ஏறத்தாழ 300 மில்லி பிடிக்கும். பரிமாறும்போது 250 மில்லி தாராளமாக நிற்கும். பிளாஸ்டிக்கின் கன அளவு சுமார் 52 கன சென்டிமீட்டர் வரும். பாலிஸ்டைரீனில் செய்தால் 55 கிராம், அக்ரிலிக்கில் செய்தால் 62 கிராம் எடை. சுவரின் சாய்வு ஒரு பக்கத்துக்கு 4.7 பாகை. பளபளப்பான சுவர் எஃகிலிருந்து கழல ஒரு பாகை சாய்வு இருந்தாலே போதும் என்பதால், மோல்டின் நோக்கில் இது மிகத் தாராளம். ஆனால் சாய்வை நான் இவ்வளவு வைப்பது மோல்டுக்காக அல்ல, அடுக்குக்காக. மண்டபத்தில் டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்படும். இந்தச் சாய்வில், 2 மில்லிமீட்டர் சுவரில், ஒரு டம்ளர் மற்றொன்றுக்குள் இறங்கி மேலே சுமார் 24 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும்போது சுவரும் சுவரும் முழுவதுமாகக் கவ்விக்கொள்ளும். ஈரத்தோடு அப்படிக் கவ்விய டம்ளர்களைப் பிரிக்கப் பரிமாறுகிறவர் மேசையில் தட்டுவார். விரிசல் அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே உட்சுவரின் அடியில் ஒரு சிறிய படியை வைத்து, மேல் டம்ளர் 26 மில்லிமீட்டரிலேயே அதன் மேல் உட்கார்ந்துவிடும்படி செய்ய வேண்டும். சுவர்கள் தொடாது, கீறலும் விழாது. இருபது டம்ளர் அடுக்கு 604 மில்லிமீட்டர் உயரம் வரும். அட்டைப் பெட்டியின் அளவை அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்தப் படி கோரின் மேல் கடையப்படுவதால் அதற்கும் பிரிகோடு கிடையாது.

உடலில் கோடு இல்லை என்றால் அது எங்கே போயிற்று? விளிம்புக்குப் போயிருக்கிறது. மோல்டின் பாகங்கள் எங்காவது ஓரிடத்தில் சேர்ந்துதான் ஆக வேண்டும். இந்த வடிவத்தில் அவை வாயின் விளிம்பில் சேர்கின்றன. உதடு படுகிற இடமும் அதுதான் என்பதுதான் சிக்கல். காபி டம்ளரின் விளிம்பைத் தகட்டில் வெளிப்பக்கமாகச் சுருட்டிவிடுகிறார்கள் அல்லவா, அதே காரணத்துக்காக இங்கே விளிம்பை அரை வட்டமாக உருட்ட வேண்டும். கோரைச் சுற்றி ஸ்ட்ரிப்பர் வளையம் என்ற ஒரு பாகம் இருக்கும். டம்ளரைக் கோரிலிருந்து தள்ளி எடுப்பது அதன் வேலை. விளிம்பின் மேற்பகுதியை அந்த வளையத்திலேயே குடைந்துவிட்டால், வளையமும் கேவிட்டியும் சேரும் கோடு விளிம்பின் வெளிப்புறத்திலும், வளையமும் கோரும் சேரும் கோடு உட்புறத்திலும் விழும். இரண்டும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் தப்பாமல் பொருந்தினால் நாக்குக்குக்கூடத் தெரியாது. தப்பினால் முடியளவு செதில் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். வாங்கப்போகும் மாதிரியைச் சோதிக்கக் கண்ணை நம்பாதீர்கள்; கீழ் உதட்டில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். நான் பத்து டம்ளர் பார்த்தால் பத்தையும் அப்படித்தான் பார்ப்பேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

டம்ளரை வெளியே தள்ள ஊசிகளை வைக்கும் மோல்டுகளும் உண்டு. தெளிவான பொருளில் ஊசி பட்ட இடம் காசளவு வட்டமாக என்றைக்கும் தெரியும். வளையமும், கோரின் உச்சியில் காற்று ஊதும் வால்வும் சேர்ந்து வேலை செய்யும் ஏற்பாட்டையே கேளுங்கள்.

பிளாஸ்டிக் உள்ளே நுழையும் வாயில், அதாவது கேட், அடியின் நடுவில்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் வைத்தால் உருகிய பிளாஸ்டிக் குழம்பு கோரை இருபுறமும் சுற்றி ஓடி, மறுபக்கம் சந்தித்துக்கொள்ளும். சந்தித்த இடத்தில் தண்ணீரில் விழுந்த முடி போல ஒரு வரி நிற்கும். மோல்டைப் பிளக்காமலேயே விழுகிற இரண்டாவது வகைக் கோடு இது. பலர் இதையும் பிரிகோடு என்றே நினைத்து மோல்டுக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். அடி நடுவிலிருந்து ஊற்றினால் குழம்பு குடை விரிவதுபோல எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் ஏறி விளிம்பை அடையும். சந்திப்பு என்ற பேச்சே இல்லை. ஆனால் கோர் நூலளவு சாய்ந்திருந்தாலும் கனமான பக்கத்தில் குழம்பு முந்திக்கொள்ளும், முந்திய பக்கத்தின் அழுத்தம் கோரை இன்னும் சாய்க்கும், விளிம்பில் காற்று சிக்கிக் கருகும். விளிம்பைச் சுற்றி நாலு இடத்தில் சுவரின் கனத்தை அளந்து பார்த்தால் இந்தக் குறை உடனே பிடிபடும். கேட்டின் வடு தெரியாமல் இருக்க, அடியை ஒரு மில்லிமீட்டர் உட்குழிவாக்கி வடுவை அந்தக் குழிக்குள் வைப்பது வழக்கம். ஹாட் ரன்னர், அதாவது குழம்பு வரும் வழியைச் சூடாகவே வைத்திருக்கும் அமைப்பு, உள்ள மோல்டில், கேட்டை ஊசியால் மூடும் வகையைத் தேர்ந்தால், மிஞ்சுவது ஒரு புள்ளி மட்டுமே.

உங்கள் கடிதத்தில், கண்ணாடி டம்ளர் போல அடி கனமாக, ஒரு விரற்கடை தடிப்பாக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஆசையை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். பிளாஸ்டிக் ஆறும் நேரம் கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்; கனம் நான்கு மடங்கானால் நேரம் நாலு நாலு பதினாறு மடங்காகும். 2 மில்லிமீட்டர் சுவர் ஆறும் நேரத்தைப்போல் பதினாறு மடங்கு நேரம் 8 மில்லிமீட்டர் அடிக்கு வேண்டும். அவ்வளவு காத்திருந்தால் நாளுக்கு எத்தனை டம்ளர் வரும் என்பதை நீங்களே கணக்கிடலாம். காத்திருக்காமல் எடுத்தால் வெளித்தோல் இறுகிய பிறகும் உள்ளே சுருங்கிக்கொண்டிருக்கும் குழம்பு, மேலே பள்ளத்தையோ உள்ளே குமிழையோ உண்டாக்கும். அந்தக் குமிழைக் காற்று என்று எண்ணிப் பலர் ஏமாறுகிறார்கள்; பெரும்பாலும் அது சுருக்கத்தால் பிறந்த வெற்றிடம். கனமான அடியைப் பல அடுக்குகளாக வார்க்கும் எந்திரங்கள் உண்டு. முதல் முதலீட்டுக்கு உரியவை அல்ல.

இனிப் பொருள். இங்கேதான் நிதானம் வேண்டும். கண்ணுக்கு எல்லாமே ஒன்றுபோலத் தெரியும். பாலிஸ்டைரீன் மிக மலிவு, மிகத் தெளிவு, ஒளிவிலகல் எண் 1.59 என்பதால் கண்ணாடியைவிடவே அதிகமாக மினுங்கும், விழுந்தால் நொறுங்கும். நானும் ஒருமுறை இந்த மினுக்கத்துக்கு மயங்கினேன். மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு மண்டபத்துக்காகப் பாலிஸ்டைரீனில் டம்ளர் வடிவமைத்துக் கொடுத்திருந்தேன். உடலில் கோடு இல்லை, விளிம்பில் செதில் இல்லை. அன்றைய வரவேற்பில் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். பழக்கத்தில் இல்லாத நாகரிகமாக, ஒவ்வொரு டம்ளரின் விளிம்பிலும் ஒரு எலுமிச்சை வில்லையைச் செருகியிருந்தார்கள். பந்தி முடிவதற்குள் வில்லை இருந்த இடமெல்லாம் மங்கி, தொட்டால் பிசுபிசுத்தது. கழுவி அடுக்கிய பிறகு அங்கிருந்து சிலந்திவலை போல விரிசல் கிளம்பியது. சாற்றின் புளிப்பு செய்த வேலை அல்ல அது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீன் என்னும் எண்ணெய் பாலிஸ்டைரீனைக் கரைக்கக்கூடியது. தெர்மோகோலும் பாலிஸ்டைரீன்தான், ஆரஞ்சுத் தோலை மடக்கி ஒரு துண்டுத் தெர்மோகோல் மேல் பீய்ச்சிப் பாருங்கள், அது குழிவதைக் கண்ணாலேயே காணலாம். தேங்காயெண்ணெய் தடவிய கையும், நெய்யும்கூட, வார்ப்பின்போது உள்ளே இழுவிசை உறைந்துபோன பாலிஸ்டைரீனில் விரிசலை எழுப்பும். மண்டபத்தில் இவை எல்லாமே இருக்கும். அந்த டம்ளர்களை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

பாலிஸ்டைரீனுக்கு உறவான எஸ்ஏஎன் என்ற பொருள் எண்ணெய்களைக் கூடுதலாகத் தாங்கும், கொஞ்சம் உறுதியும் அதிகம், விலையும் கட்டுப்படியாகும். விழுந்தால் உடையும் குணம் மட்டும் முழுவதும் போகாது. அக்ரிலிக் 92 சதவீத ஒளியை உள்ளே விடும். தெளிவான பிளாஸ்டிக்குகளில் மேற்பரப்பு கடினமானதும் அதுவே. மண்டபத்துச் சமையற்கட்டில் தேங்காய் நாரும் சாம்பலும் கம்பிச் சுருளும் புழங்குமானால் இந்தக் கடினம் பெரிய வரம். ஆனால் உள்ளே இழுவிசை தங்கிய அக்ரிலிக்கில் சாராயம் அல்லது சானிடைசர் பட்டால் நுண்விரிசல் விழும்.

பாலிகார்பனேட் சுத்தியலுக்கும் அசையாது, கொதிநீரையும் தாங்கும். அதற்குக் குறைகள் மூன்று. எளிதில் கீறல் விழும். சுடுதண்ணீரில் வாஷிங் சோடா கலந்து ஊறவைத்தால் காரம் அதன் மேற்பரப்பைத் தின்னும். மூன்றாவது, அது பிஸ்பீனால்-ஏ என்ற வேதிப்பொருளிலிருந்து செய்யப்படுவது. அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டு குழந்தைகளின் பால்புட்டிகளுக்கு அதைப் பயன்படுத்துவது நிறுத்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில், உணவோடு தொடர்புள்ள பொருள்களில் பிஸ்பீனால்-ஏ கூடாது என்று விதி இயற்றியது. இன்றைக்குப் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர் அந்தப் பொருளோடு தொடங்க வேண்டிய தேவை என்ன என்பது என் கருத்து. அதற்கு மாற்றாக ஈஸ்ட்மன் நிறுவனம் 2007ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய டிரைட்டன் என்ற கோபாலியெஸ்டரில் பிஸ்பீனால்-ஏ இல்லை. விழுந்தாலும் எளிதில் உடையாது, கழுவும் எந்திரத்தின் சூட்டையும் தாங்கும். விலைதான் அதிகம். மண்டபங்களுக்கு வாடகைக்கு விடும் திட்டம் இருந்தால் டிரைட்டன், விற்கும் திட்டம் மட்டும் என்றால் எஸ்ஏஎன், குளிர்பானக் கடைக்கு அக்ரிலிக் என்பது என் பரிந்துரை. சுடச்சுட வரும் டிகிரி காபியைப் பித்தளை டபராவிடமே விட்டுவிடுவோம்.

சந்தையில் கிடைக்கும் மாதிரி எந்தப் பொருள் என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. உடைந்த துண்டைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் அது பாலிப்ரொப்பிலீன். மூழ்கினால் ஒரு லிட்டர் தண்ணீரில் உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே போங்கள். ஏறத்தாழ 80 கிராம் கரைந்த நிலையில் பாலிஸ்டைரீன் எழும்பும். 130 கிராம் வாக்கில் எஸ்ஏஎன் எழும்பும். 300 கிராமைத் தாண்டி, உப்பு இனிக் கரையாது என்ற நிலையை நெருங்கும்போது அக்ரிலிக்கும் டிரைட்டனும் எழும்பும். குடிநீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் எவ்வளவு உப்பிட்டாலும் அடியிலேயே கிடக்கும். துண்டில் காற்றுக் குமிழ் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேதாரண்யத்து உப்பே போதும். ஈரமில்லாமல் காயவைத்துக்கொண்டால் கணக்குத் தவறாது.

டெல்டாவில் இந்தத் தொழிலுக்கு உண்மையான எதிரி காற்றில் உள்ள ஈரம். அக்ரிலிக், கோபாலியெஸ்டர், பாலிகார்பனேட் ஆகிய மூன்றும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரத்தோடு உருகினால் டம்ளரின் சுவரில் வெள்ளி இழைகள் போலக் கீற்றுகள் ஓடும். கோபாலியெஸ்டரும் பாலிகார்பனேட்டும் அதற்கு மேலும் போய், மூலக்கூறுகள் அறுந்து, பார்வைக்கு நன்றாக இருந்தும் விழுந்தால் உடையும் டம்ளராகிவிடும். பாலிகார்பனேட்டை 120 பாகை சூட்டில் மூன்று நான்கு மணி நேரமும், டிரைட்டனை 88 பாகையில் நான்கு முதல் ஆறு மணி நேரமும், அக்ரிலிக்கை 80 முதல் 90 பாகையில் மூன்று நான்கு மணி நேரமும் உலர்த்த வேண்டும். எந்திரத்தின் தலையில் வைக்கும் சாதாரண ஹாப்பர் டிரையர் வெளிக்காற்றைச் சூடாக்கி ஊதுவது. சித்திரையில் அது சமாளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நாள் முழுக்க அடைமழையாக இருக்கும்போது அது ஊதுவது ஈரக் காற்றையே. ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு வறண்ட காற்றை ஊதும் டிஹ்யூமிடிஃபையர் டிரையரை வாங்குங்கள். எந்திரத்தில் பணம் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் வெட்டுவது இதைத்தான். மழைக்காலத்தில் வந்து குழம்புவதும் அவர்கள்தான்.

அதே ஈரம் மோல்டிலும் விளையாடும். நேரத்தைக் குறைக்கக் குளிர்ந்த தண்ணீரை மோல்டில் ஓடவிட்டால், ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல எஃகு வியர்க்கும். வியர்வைத் துளி டம்ளரில் தழும்பாகப் பதியும், எஃகில் துருவாகத் தங்கும். நம் பகுதியில் மோல்டின் வெப்பத்தை 30 பாகைக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். அக்ரிலிக்குக்கு எப்படியும் 60க்கு மேல் வேண்டும். கடலோரத்தை நெருங்க நெருங்க ஆழ்துளைத் தண்ணீரில் உப்பு கூடும். அது மோல்டின் குளிர்வழிகளில் படிந்து அடைக்கும். கோருக்குள் ஓடும் குறுகிய வழி முதலில் அடையும், அப்போது டம்ளரின் உட்சுவர் மட்டும் சிவப்புச் சூட்டில் நிற்பதுபோல ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். மென்னீரை மூடிய சுற்றில் ஓடவிடுவதே வழி. மின்தடைக்கும் ஏற்பாடு வேண்டும். எந்திரத்தில் பிளாஸ்டிக்கை உருக்கும் சூடான உருளைக்குள் தங்கிய பொருள் பழுப்பாகி, மின்சாரம் வந்த பிறகு பல மணி நேரம் கரும்புள்ளிகளாக வந்துகொண்டிருக்கும்.

மோல்டின் எஃகு 420 வகைத் துருப்பிடிக்காத எஃகாக, 50 ராக்வெல் அளவுக்குக் கடினமாக்கப்பட்டதாக இருக்கட்டும். ஸ்டாவாக்ஸ் என்ற பெயரில் கிடைப்பது இந்த வகை. மெருகை 3 மைக்ரான் வைரப் பசை வரை கொண்டுபோக வேண்டும், கடைசித் தேய்ப்பு டம்ளர் கழலும் திசையில் இருக்க வேண்டும். கோரில் விழுந்த கீறல் ஒவ்வொரு டம்ளரிலும் பதியும் என்பதால், பராமரிப்பில் ஒரே ஒரு கட்டளையைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: பனியன் வேஸ்ட் மோல்டின் பக்கம் வரக் கூடாது. எல்லாப் பட்டறைகளிலும் எதைத் துடைக்கவும் கை தானாக அதைத்தான் எடுக்கும். அதில் சிக்கியிருக்கும் ஒரு இரும்புத் துகள் போதும், வாரக் கணக்கில் போட்ட மெருகு போய்விடும். மருந்துப் பஞ்சு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

எந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாம் எடுத்துக்கொண்ட டம்ளரின் வாய்ப் பரப்பு 43 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு அரை முதல் முக்கால் டன் என்று வைத்தால் ஒரு கேவிட்டிக்கு 22 முதல் 32 டன் பூட்டுவிசை, அதாவது மோல்டு திறந்துவிடாமல் இறுக்கிப் பிடிக்கும் விசை, வரும். அதைப் பார்த்துச் சிறிய எந்திரத்தை வாங்கிவிடாதீர்கள். 110 மில்லிமீட்டர் டம்ளர் கோரிலிருந்து கழன்று கீழே விழ அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் மோல்டு திறக்க வேண்டும்; அந்தத் திறப்பும், மோல்டின் கனமும் அடங்கும் எந்திரம் 120, 150 டன் வகையிலேயே கிடைக்கும். அதில் இரண்டு கேவிட்டி மோல்டை நிம்மதியாக ஓட்டலாம். மோல்டு செய்யக் கோயம்புத்தூர், சென்னைப் பட்டறைகளே நமக்கு அருகில் உள்ளவை. சென்னை கிண்டியில் 1968 முதல் இயங்கும், மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டில் சோதனை வசதியும் பயிற்சியும் உண்டு. உங்கள் ஆள் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டே எந்திரத்தை இறக்குங்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஐயம் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும், நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதலும் தடைசெய்யப்பட்டவை ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் கப்புகளும் டம்ளர்களும். கழுவிப் பயன்படுத்தும் கனமான டம்ளர் அந்த வகையில் சேராது. ஆனால் சுவரை மெலிதாக்கிக்கொண்டே போனால் நீங்களே அந்த எல்லையை நோக்கி நடப்பதாக ஆகும். பொருள் உணவுக்கு ஏற்றது என்ற சான்றிதழோடு புதிய குருணையாக வாங்கப்பட வேண்டும். செய்து முடித்த டம்ளரை ஐஎஸ் 9845 என்ற இந்தியத் தரநிலையின் முறைப்படி சோதிக்கும்போது, அதிலிருந்து உணவுக்குள் கசியும் மொத்தப் பொருள் ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பாலிஸ்டைரீனுக்கு ஐஎஸ் 10142, பாலிப்ரொப்பிலீனுக்கு ஐஎஸ் 10910 என்று பொருளுக்கு ஒரு தரநிலை இருக்கிறது.

மோல்டுக்காரர் முதல் மாதிரிகளை அனுப்பும்போது இந்தச் சோதனையைச் செய்யாமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். லேப்டாப் திரையை வெள்ளையாக வைத்து, டம்ளரை அதன் முன் பிடித்து, போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். திரை இருண்டு தெரியும்வரை கண்ணாடியைத் திருப்புங்கள். இருட்டின் நடுவே டம்ளர் வானவில் நிறங்களில் ஒளிரும். நிறங்கள் அகன்று மெதுவாக மாறினால் நல்லது. கேட்டைச் சுற்றியோ விளிம்பிலோ நிறங்கள் நெருக்கமாக, மரத்தின் வளையங்கள் போல அடுக்கி நின்றால், அங்கே இழுவிசை உறைந்திருக்கிறது. எலுமிச்சையோ வாஷிங் சோடாவோ தொட்டதும் விரிசல் கிளம்பப்போவது அந்த இடத்திலிருந்துதான். அக்ரிலிக்கில் இந்த நிறங்கள் இயல்பாகவே மங்கலாகத் தெரியும் என்பதால், அதற்கு மட்டும் சானிடைசர் தடவி அரை மணி நேரம் வைத்துப் பார்ப்பது மேல்.

பிறகு ஐம்பது டம்ளர்களை உங்களுக்குத் தெரிந்த ஒரு மண்டபத்தில் கொடுத்து, ஒரு முகூர்த்த காலம் முழுவதும் அவர்கள் வழக்கப்படியே கழுவட்டும் என்று விட்டுவிடுங்கள். எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லித்தர வேண்டாம். இதற்காகவே, மோல்டு செய்யும்போது ஒவ்வொரு கேவிட்டியின் அடிக்குழிவிலும் அதன் எண்ணை ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் பொறிக்கச் சொல்லுங்கள். திரும்பி வருகிற உடைசல்களை மேசையில் பரப்பி அடியைப் பார்த்தால், எல்லாம் இரண்டாம் எண்ணாகவே இருந்தால் குறை அந்தக் கோரில். எண்கள் கலந்து வந்தால் குறை பொருளிலோ உலர்த்தலிலோ.